நூறு கிராம் நோயாளி: வீட்டு ஹாம்ஸ்டருக்கு உடம்பு சரியில்லாதபோது

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கி, படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

கொல்லிமலையிலிருந்து பேசுறேன். இந்த நிகழ்ச்சியை வழக்கமா கேட்கிறவங்களுக்குத் தெரியும், நான் இங்கே கால்நடை மருத்துவர். ஆடு, மாடு, கோழி, நாய், இதுதான் என் அன்றாடம். இன்னைக்குப் பேசப்போறது கொஞ்சம் சின்ன விஷயம். எடையைச் சொல்றேன். நூறு, நூத்தி இருபது கிராம் இருக்கும். ஹாம்ஸ்டர்.

மலையில ஹாம்ஸ்டரான்னு கேட்பீங்க. வருது. சேலத்துலயும் நாமக்கல்லயும் விடுதியில தங்கிப் படிக்கிற பிள்ளைங்க, அங்கே சொந்தக்காரங்க வீட்டுல பார்த்துட்டு ஆசைப்பட்டு வாங்கிக்கிறாங்க. லீவுக்கு வரும்போது கூண்டோட பஸ்ஸுல ஏறி வந்துடுது. பக்கத்து வீட்டுப் பாட்டி பார்த்துட்டு "வெள்ளெலி வளக்கிறியா"ன்னு சிரிப்பாங்க. வயல்ல இருக்கிற வெள்ளெலி வேற, இது வேற. ஆனா அந்தப் பேரே இதுக்கும் ஒட்டிக்கிச்சு.

என்கிட்ட இதுவரைக்கும் வந்த ஹாம்ஸ்டர்களை விரல் விட்டு எண்ணிடலாம். அதுல முக்கால்வாசி ரொம்பத் தாமதமா வந்ததுங்க. வளர்த்தவங்க அக்கறை இல்லாதவங்கன்னு சொல்லவே மாட்டேன். ஒரு பையன் கண்ணு வீங்குற அளவுக்கு அழுதுட்டு வந்து நின்னான். தாமதத்துக்குக் காரணம் அந்தப் பிராணியோட சுபாவம். அதைக் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்.

கடையில விக்கிற பெரிய ஹாம்ஸ்டர், சிரியன் ஹாம்ஸ்டர்னு சொல்றது, சிரியாவுல அலெப்போ பக்கத்து வறண்ட வயல்கள்ல வாழ்ந்த பிராணி. 1930-ல ஆரோனின்னு ஒரு விலங்கியலாளர் அங்கே ஒரு வளையைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார். இன்னைக்கு உலகம் முழுக்க வீட்டுலயும் ஆய்வுக்கூடத்துலயும் இருக்கிற சிரியன் ஹாம்ஸ்டர்ல பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தோட வாரிசுங்க. ஆந்தை, நரி, பாம்பு எல்லாத்துக்கும் இது இரை. நோய் வந்துருச்சுன்னு காட்டிக்கிட்டா அடுத்த நிமிஷம் யார் வாயிலயாவது போயிடும். அதனால காட்டிக்காது. கடைசி வரைக்கும் சரியா இருக்கிற மாதிரியே நடமாடும். நமக்குத் தெரியற அளவுக்கு அது சோர்ந்து உட்கார்ந்துட்டா, நோய் வந்து சில நாள் ஆகியிருக்கும்.

ரெண்டாவது, பகல்ல தூங்குற பிராணி இது. நாம பார்க்கிற நேரமெல்லாம் சுருண்டுதான் படுத்திருக்கும். நல்ல தூக்கமா, முடியாம கிடக்குதான்னு எப்படித் தெரியும்?

மூணாவதுதான் முக்கியம். ஆட்டுக்கு முடியலைன்னா தழை அப்படியே கிடக்கும். பார்த்த உடனே தெரிஞ்சிடும். ஹாம்ஸ்டர் விஷயத்துல தீனிக் கிண்ணம் பொய் சொல்லும். கன்னத்துல ரெண்டு பக்கமும் பை இருக்கு இல்லையா, அதுல அடைச்சுக்கிட்டுப் போய் மூலையில பதுக்கி வச்சிடும். கிண்ணம் காலியாகும், நாமளும் நல்லா சாப்பிடுதுன்னு நினைப்போம். ஒரு வாரமா ஒரு கடலைகூட உள்ளே போயிருக்காது.

அப்ப எதை நம்புறது? எடையை. நான் சொல்றதுல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா இதை வச்சுக்கோங்க. வாரத்துக்கு ஒரு தடவை எடை போடுங்க, முடியலைன்னு சந்தேகம் வந்தா தினமும் ஒரே நேரத்துல போடுங்க. இங்கே மிளகும் காபியும் விளையற ஊர், வீட்டுக்கு வீடு தராசு இருக்கு. ஆனா மிளகு மூட்டை போடுற தராசு இதுக்கு ஆகாது. ஒவ்வொரு கிராமா காட்டுற சின்ன சமையலறைத் தராசு வேணும். ஒரு டப்பாவை வச்சு பூஜ்யம் ஆக்கிட்டு அதுக்குள்ள ஹாம்ஸ்டரை விடுங்க. நூத்தி இருபது கிராம் இருந்தது நூத்தி எட்டுக்கு வந்துட்டா, போனது பன்னெண்டு கிராம்தானேன்னு தோணும். அது பத்துல ஒரு பங்கு. அறுபது கிலோ ஆளு ஆறு கிலோ இளைச்சு வந்து நின்னா வீட்டுல சும்மா விடுவாங்களா?

சரி, முடியலைன்னு தெரிஞ்சிடுச்சு. இங்கேயிருந்து நாமக்கல் போகணும்னா காரவள்ளி வரைக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு, அப்புறம் சேந்தமங்கலம், அப்புறம்தான் நாமக்கல். ராத்திரி எட்டு மணிக்குக் கண்டுபிடிச்சா காலையில பஸ்ஸுக்குத்தான் கிளம்ப முடியும். நடுவுல இருக்கிற அந்தப் பத்து, பன்னெண்டு மணி நேரம் உங்க கையில. அதுல செய்ய வேண்டியது கொஞ்சம்தான்.

முதல்ல சூடு. உடம்பு சின்னதா இருக்க இருக்க உள்ளே இருக்கிற சூடு சீக்கிரமா வெளியே போயிடும். முடியாத ஹாம்ஸ்டர் தன்னைத்தானே சூடா வச்சுக்க முடியாது. மார்கழி, தை மாசத்துல இங்கே ராத்திரி எப்படி இருக்கும்னு மலைக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஒரு தண்ணி பாட்டில்ல கைபொறுக்கிற சூட்டுல வெந்நீர் ஊத்தி, துணி சுத்தி, டப்பாவோட ஒரு பாதியில மட்டும் வைங்க. சூடு அதிகமா இருந்தா அது மறுபாதிக்குப் போக இடம் வேணும். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணையில வேலை பார்த்தவங்க உடனே குஞ்சுக்குப் போடுற மாதிரி பல்பு தொங்க விட்டுடுவாங்க. குஞ்சு சூடு தாங்கலைன்னா நகர்ந்து போகும். சின்ன டப்பாவுல இருக்கிற ஹாம்ஸ்டர் எங்கே போகும்? ராத்திரிப் பிராணிக்கு அந்த வெளிச்சமும் தொல்லை. பல்பு வேண்டாம்.

இதோட சேர்த்து ஒண்ணு சொல்லணும். குளிர் காலத்துல காலையில பார்த்தா ஹாம்ஸ்டர் சில்லுன்னு, அசையாம சுருண்டு கிடக்கும். செத்துப்போச்சுன்னு புதைச்சுடுவாங்க. அவசரப்படாதீங்க. ரொம்பக் குளிரும், வெளிச்சக் குறைவும், தீனிக் குறைவும் சேர்ந்தா இந்தப் பிராணி ஒருவித குளிர்த் தூக்கத்துக்குப் போகும். மூச்சு ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணு ரெண்டுதான் இருக்கும். உத்துப் பார்த்தா மீசை முடி லேசா அசையும். ரெண்டு கையாலயும் பொத்தி, சட்டைக்குள்ள வச்சு, மெதுவா ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் சூடு ஏத்துங்க. அடுப்புப் பக்கம் கொண்டு போகாதீங்க, முடி உலர்த்துற கருவியும் வேண்டாம். எழுந்துக்கிச்சுன்னா தண்ணி, தீனி. எழுந்துக்கலை, உடம்பு விறைச்சிடுச்சுன்னா முடிஞ்சுபோச்சு. எழுந்துக்கிட்டதையும் நல்லாயிடுச்சுன்னு விட்டுடக்கூடாது. இந்தத் தூக்கத்துல உடம்புக் கொழுப்பெல்லாம் கரைஞ்சிருக்கும், காட்டிக்கிட்டு வரணும்.

அடுத்தது தண்ணி. மருந்துக் கடையில கிடைக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போதும், பொட்டலத்துல சொன்ன அளவுத் தண்ணியில கலக்குங்க. ஊசி கழட்டின ஒரு மில்லி சிரிஞ்சுல எடுத்து, வாயோட பக்கவாட்டுல ஒரு சொட்டு. அது நக்கி முழுங்கினதும் இன்னொரு சொட்டு. நேரா வாய்க்குள்ள பீய்ச்சினா நுரையீரலுக்குப் போயிடும், அது நோயைவிட வேகமா கொல்லும். மயங்கிக் கிடக்கிற பிராணிக்கு வாய் வழியா எதுவும் கொடுக்காதீங்க.

அப்புறம் இருட்டு, அமைதி. குழந்தைங்க அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்க்கும். பாசம்தான். ஆனா அந்தப் பிராணிக்கு அது ஆந்தை வந்து தூக்குற மாதிரிதான்.

இப்ப நான் உண்மையில பேச வந்த விஷயத்துக்கு வர்றேன். மருந்து. சளி மாதிரி இருக்கு, காயம் சீழ் பிடிச்சிருக்கு, கழிச்சல் போகுது. வீட்டுல என்ன இருக்கும்? குழந்தைக்கு வாங்கின அமாக்ஸிசிலின் சிரப் ஃப்ரிட்ஜ்ல பாதி மிச்சம் இருக்கும். பிஞ்சுக் குழந்தைக்கே குடுக்கிற மருந்துதானே, ரெண்டு சொட்டு விடுவோம்னு தோணும். தயவுசெஞ்சு விடாதீங்க. நமக்குப் பத்திரமான அந்த மருந்து ஹாம்ஸ்டருக்கு விஷம். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், பென்சிலின் வகை எல்லாம், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின், இதெல்லாம் அதே பட்டியல்தான்.

ஏன்னு சொல்றேன். ஹாம்ஸ்டரோட குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவுல பெரும்பகுதியை இந்த மருந்துங்க அழிச்சிடும். அந்தக் காலி இடத்துல கிளாஸ்டிரிடியம் டிஃபிஸில்னு ஒரு பாக்டீரியா பெருகி, நஞ்சைச் சுரக்கும். குடல் புண்ணாகி, சில நாள்ல கழிச்சல்ல போயிடும். வீட்டுல என்ன நினைப்பாங்க? மருந்து குடுத்தும் நோய் முத்திடுச்சுன்னு. மருந்துதான் கொன்னதுன்னு யாருக்கும் தெரியாது.

இதுல ஒரு விசேஷம் இருக்கு. மனுஷங்களுக்கும் சில சமயம் ஆன்டிபயாட்டிக் எடுத்த பிறகு கடுமையான குடல் அழற்சி வரும். அது ஏன்னு ரொம்ப நாளா தெரியலை. 1970-கள்ல ஜான் பார்ட்லெட்ங்கிற அமெரிக்க மருத்துவரும் அவர் குழுவும் ஹாம்ஸ்டருக்குக் கிளிண்டாமைசின் குடுத்து, அது சாகுறதை ஆராய்ஞ்சாங்க. குடல்ல ஒரு கிளாஸ்டிரிடியம் நஞ்சு சுரக்குதுன்னு 1977-ல வெளியிட்டாங்க. அடுத்த வருஷமே மனுஷங்க விஷயத்துலயும் குற்றவாளி அந்த டிஃபிஸில்தான்னு உறுதியாச்சு. இன்னைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகள்ல அந்தக் கிருமிக்குப் பரிசோதனை பண்றாங்கன்னா, அதுக்குப் பின்னாடி நிறைய ஹாம்ஸ்டருங்க இருக்கு. நம்ம கோவாக்சின் தடுப்பூசியைக்கூட மனுஷங்களுக்குப் போடுறதுக்கு முன்னாடி சோதிச்சதுல சிரியன் ஹாம்ஸ்டரும் உண்டு.

சரி, எந்த மருந்து ஒத்துக்கும்? என்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின், சல்ஃபா-டிரைமெத்தோபிரிம், இப்படிச் சிலது இருக்கு. நாங்க அதைத்தான் எழுதுவோம். பேரைச் சொன்னதும் நாமக்கல் மாவட்டத்துக்காரங்க சிலர், "அட, என்ரோ நம்ம பண்ணையிலேயே இருக்கே"ன்னு நினைச்சிருப்பீங்க. அங்கேதான் ஆபத்து. ஒரு கணக்குப் போடுவோம். கோழிக்குத் தண்ணியில கலக்குற மருந்து பத்து சதவீதம். அதாவது ஒரு மில்லியில 100 மில்லிகிராம். நூறு கிராம் ஹாம்ஸ்டருக்கு ஒரு வேளைக்கு அதிகபட்சம் 1 மில்லிகிராம்தான் வேணும். அது ஒரு மில்லியில நூறுல ஒரு பங்கு. வீட்டுல அதைச் சரியா அளக்கிறது ரொம்பக் கஷ்டம். ஒரே ஒரு சொட்டு விட்டாலே கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு மருந்து போயிடும். போதாததுக்கு அந்தத் திரவம் கடுமையான காரம், நீர்க்காம விட்டா வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். கோழிக்கு ஆயிரம் லிட்டர் தொட்டிக் கணக்குல செஞ்ச மருந்தைச் சொட்டுக் கணக்குல மாத்துறது மருத்துவரோட வேலை, அதுக்கும் எடை தெரியணும். மறுபடியும் தராசுக்கே வந்துட்டோம் பாருங்க.

வலி மாத்திரையும் அப்படித்தான். பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் எதையும் பொடிச்சுக் குடுக்க வேண்டாம். வலிக்கு மெலாக்ஸிகாம்னு ஒண்ணு இருக்கு, அளவு நாங்க சொல்லுவோம்.

அதிகமா வர்ற தொந்தரவுகள் ரெண்டைப் பார்ப்போம். ஒண்ணு கழிச்சல். வாலும் பின்பக்கமும் ஈரமா, நாத்தத்தோட இருக்கும். மூணு வாரத்துலேர்ந்து ரெண்டு, ரெண்டரை மாசம் வரைக்கும் உள்ள குட்டிங்களுக்குத்தான் அதிகம். தாய்ப்பால் மறந்த உடனே கடை, பஸ் பயணம், புது வீடு, தூக்கித் தூக்கிப் பார்க்கிற பத்துக் கை, எல்லாம் ஒரே வாரத்துல. அந்த அதிர்ச்சியில குடல் நோய் கிளம்பும். ரெண்டு நாள்ல உயிர் போயிடலாம். இதுக்கு மட்டும் "நாளைக்குப் பார்ப்போம்" கிடையாது. வெள்ளரி, கேரட், பழம் எல்லாத்தையும் நிறுத்திட்டு, காய்ஞ்ச தீனியும் ஓ.ஆர்.எஸ்ஸும் மட்டும். ஈரமான படுக்கையை எடுத்துட்டுக் காகிதக் கீற்று போடுங்க. தோலை லேசா கிள்ளி விட்டா உடனே விழாம நின்னுச்சுன்னா நீர் வத்திப்போச்சு. தோலுக்கு அடியில நாங்க சில மில்லி திரவம் ஏத்தணும்.

இன்னொண்ணு கால் முறிவு. ஓடுற சக்கரம் கம்பி கம்பியா இருக்கும். வேகமா ஓடும்போது பின்னங்கால் நடுவுல மாட்டி முறுக்கிக்கும். தொங்குற காலைப் பார்த்து வீட்டுல தீக்குச்சி வச்சு நூல் கட்டிடுவாங்க. ஆட்டுக்குக் காலு ஒடிஞ்சா மூங்கில் பட்டை வச்சுக் கட்டுற ஊரு, கை தானா போகுது. இதுல அது வேண்டாம். ராத்திரி முழுக்க அந்தக் கட்டைக் கடிச்சே தீரும், கட்டு இறுகினா பாதம் கறுத்துடும். நான் பெரும்பாலும் சொல்றது ஓய்வு. சின்னப் பிளாஸ்டிக் தொட்டிக்கு மாத்துங்க. சக்கரம், ஏணி, மாடி எல்லாத்தையும் எடுத்துடுங்க. தீனியும் தண்ணியும் மூக்குக்கு எட்டுற தூரத்துல தரையிலேயே இருக்கட்டும். மூணு, நாலு வாரத்துல எலும்பு கூடும். கொஞ்சம் கோணலா கூடும், அதனால ஒண்ணுமில்ல. எலும்பு வெளியே தெரிஞ்சாலோ, பாதம் கறுத்தாலோ காலை எடுக்கணும். மூணு கால்ல ஹாம்ஸ்டர் நல்லாவே வாழும், நம்புங்க. குணமான பிறகு கம்பி இல்லாத, மூடின தரை உள்ள சக்கரம் வாங்கிப் போடுங்க.

கடிபட்ட காயம் வந்தா ஒரே கேள்வி கேட்பேன்: கூண்டுல எத்தனை? ரெண்டுன்னு பதில் வரும். சிரியன் ஹாம்ஸ்டர் தனியா வாழ்ற பிராணி. துணைக்கு இருக்கட்டும்னு கடையில ஜோடியா குடுப்பாங்க, வளர்ந்ததும் ஒண்ணை ஒண்ணு கொதறிக்கும். அன்னைக்கே பிரிச்சுடுங்க. காயத்தை, கொதிச்சு ஆறின 200 மில்லி தண்ணியில கால் டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவினா போதும். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைச்சுப் பூசுறாங்க. மஞ்சளை நான் குறை சொல்லலை, எண்ணெய்தான் பிரச்சினை. முடி பிசுபிசுன்னு ஒட்டிக்கிட்டா குளிர் நேரா தோல்ல ஏறும், பூசினதையெல்லாம் அது நக்கியே தீர்த்துடும்.

கன்னப் பை அடைச்சுக்கிறது, முன்பல்லு வளைஞ்சு வளர்றது, கண்ணுல பீளை, இதெல்லாம் கூட வரும். பஞ்சை மட்டும் படுக்கைக்குப் போடாதீங்க. இழை கால்ல சுத்திக்கும், கன்னப் பைக்குள்ளயும் சிக்கிக்கும்.

கீழே கொண்டு போகும்போது பெரிய கூண்டோட போகாதீங்க. வளைவுக்கு வளைவு உருண்டு அடிபடும். காத்து போற சின்னப் பெட்டி, நிறைய காகிதக் கீற்று. தண்ணிப் புட்டி குலுங்கிச் சொட்டிப் படுக்கையை நனைச்சிடும், அதனால வெள்ளரித் துண்டு ஒண்ணு போதும். கழிச்சல் உள்ளதுக்கு அதுவும் வேண்டாம், வண்டி நிக்கிற இடத்துல சொட்டுத் தண்ணி குடுங்க. சித்திரை வெயில்ல விடிகாலை முதல் பஸ்தான். மேலே சில்லுன்னு இருந்த பிராணி, பத்து மணிக்கு நாமக்கல் வெக்கையில மூச்சு வாங்கும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-லேர்ந்து இருக்கு. கோழிக்குப் பேர் போன ஊருதான், ஆனா அங்கே உள்ள ஆஸ்பத்திரிக்கு எல்லாப் பிராணியும் வரும். போறப்ப எடை எழுதின தாளையும், என்ன குடுத்தீங்கங்கிறதையும் மறைக்காம கொண்டு போங்க.

ஒரு நேயர் எழுதியிருந்தார்: "சில நூறு ரூபாய்க்கு வாங்குன எலிக்கு ஆயிரம் ரூபாய் செலவா? புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போகலாமே." நியாயமான கேள்விதான், மலையில ஒரு நாள் கூலி என்னன்னு எனக்கும் தெரியும். செலவு பண்ணியே ஆகணும்னு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மேலே சொன்னதுல சூடு, சொட்டுத் தண்ணி, ஓய்வு, இதுக்கெல்லாம் காசே இல்ல. ஆனா அந்தப் பையன் கண்ணு முன்னாடி "வேற வாங்கிக்கலாம்"னு சொல்லாதீங்க. அவன் வளர்த்தது அந்த ஒண்ணைத்தான்.

எல்லாமே பிழைக்காது. இதோட ஆயுசே ரெண்டு வருஷம், மிஞ்சினா மூணு. ரெண்டு வயசு ஹாம்ஸ்டருக்கு வயித்துல கட்டி வந்து, சாப்பாடு நின்னு, மூச்சு இழுக்குதுன்னா, நான் மயக்க மருந்து குடுத்து வலியில்லாம அனுப்பிடலாம்னுதான் சொல்வேன். அதைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். ஃப்ரீசர்ல வச்சா தூங்கிப் போயிடும்னு சிலர் சொல்றாங்க. கிடையாது. குளிர்ல மெதுவா, தெரிஞ்சே போகும். காட்டுல விட்டுடறதும் வேண்டாம், ஒரு ராத்திரி தாங்காது.

புதைக்கிறதா இருந்தா ரெண்டு அடியாவது தோண்டுங்க, நாய் கிளறாம இருக்கும். முடியாத பிராணியைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவணும், பிள்ளைங்களை அப்படியே பழக்குங்க. வீட்டுல மாசமா இருக்கிறவங்க கூண்டு சுத்தம் பண்ற வேலையை வேற யார்கிட்டயாவது விட்டுடுங்க, எலி வகைகள்கிட்டேர்ந்து கருவைப் பாதிக்கிற ஒரு வைரஸ் தொத்தலாம்.

அடுத்த பகுதியில கோமாரி ஊசி பத்திப் பேசுவோம். ஆடு, மாடு வச்சிருக்கிறவங்க கேள்விகளை அனுப்பி வைங்க.